இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்

எந்தத் தையல்காரரிடமும் நான் இப்போது அளவெடுக்க நிற்பதில்லை. பழைய ஜாக்கெட் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப்போய், "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஊரே அப்படித்தான் செய்கிறது என்பதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என் மகள் மட்டும் ஒரு தடவை கேட்டாள், "ஏம்மா, டேப் வெச்சா கடிக்குமா?" என்று. சிரித்து மழுப்பிவிட்டேன்.

எங்கள் டைலரக்கா அளவு ஜாக்கெட்டைக் கையால் தொடமாட்டார். யாராவது நீட்டினால், "அத்த உள்ள வையி. துணி பொய் சொல்லும். நீ வந்து நில்லு" என்பார். கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஏரிப் பக்கம் போகும் சாலையில், சிலைப் பூங்காவின் வாசலுக்கு நேர் எதிரே அவர் கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான் இடம். அவருடைய பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. போர்டில்கூட 'லேடீஸ் டைலர்' என்று மட்டும்தான் இருந்தது. இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது.

அளவெடுக்கும்போது அவர் நோட்டில் எழுதமாட்டார். எண்களைச் சத்தமாகச் சொல்வார், அதோடு சரி. ஆறு மாதம் கழித்துப் போனாலும் பழைய அளவு ஞாபகம் இருக்கும். இஞ்சில் எட்டில் ஒரு பங்கை அவர்கள் நூல் என்பார்கள். அந்த நூல் கணக்குக்கூட மறக்காது. பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் பொங்கலுக்குத் தைக்கக் கொடுக்க வந்தபோது, டேப்பைச் சுற்றிக்கொண்டே, "ரெண்டு இஞ்ச் கம்மியாயிட்ட. தைக்கிறது அப்பால. மொதல்ல டாக்டராண்ட போ" என்றாராம். டீச்சர் கோபித்துக்கொண்டு போனார். ஆனாலும் மனசு கேட்காமல் பரிசோதனைக்குப் போனவரை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். பிழைத்து வந்து நன்றி சொன்னபோது அக்கா ஏற இறங்கப் பார்த்து, "முக்கால் இஞ்ச் ஏறிக்கிற" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

என் விஷயம் இன்னும் மோசம். அப்போது நான் ஒரு சிறிய கட்டட வரைபட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டில் தோழி கல்யாணம் என்று சொல்லிவிட்டு ஒருவரைப் பார்க்கப் போவதற்காகப் புடவை வாங்கி, அதற்கு ஜாக்கெட் தைக்கப் போனேன். டேப்பை முதுகுப் பக்கம் தோளிலிருந்து தோளுக்கு வைத்து, "நல்ல உடம்பு. ரெண்டு தோளும் சமம், நூல் பிசகல" என்றார். பிறகு அதே குரலில், "அம்மாக்குத் தெரியுமா?" என்றார்.

"எதைக்கா? கல்யாணத்துக்குப் போறதா? தெரியுமே."

"தோளு ஒரு நூல் தூக்கிச்சு. தெரியாது."

எனக்கு வியர்த்துவிட்டது. "பயந்துக்காத, நான் யாராண்டயும் சொல்லமாட்டேன். டேப் வெச்சிக்கினு கேட்டா ஒடம்புக்குப் பொய் சொல்ல வராது" என்று சிரித்தார். அந்த ஒருவர்தான் இப்போது என் கணவர். அவர் விஷயத்தில் அக்கா வாயைத் திறக்கவேயில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் என் தோள்கள் என்ன செய்கின்றன என்று கவனிக்கிற பழக்கம் வந்துவிட்டது.

இரண்டாயிரத்து ஆறு என்று நினைக்கிறேன். சிலைப் பூங்காவைப் புதுப்பிக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பதினொரு சிமெண்ட் சிலைகள், எல்லாம் ஆளுயரம். ஏர் பிடித்த விவசாயி, புத்தகம் படிக்கும் சிறுமி, மூக்குடைந்த மயில், இப்படி. ஏழாவது சிலை ஒரு சித்தாள் பெண். தலையில் கலவைச் சட்டி, அதைப் பிடித்தபடி வலது கை மேலே, இடது கை இடுப்பில். வருஷத்துக்கு ஒருமுறை யாரோ பச்சைப் புடவையும் மஞ்சள் ஜாக்கெட்டுமாக அவளுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார்கள்.

மக்களைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பது உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டோம். பதினொரு சிலைகளின் படத்தையும் சார்ட்டில் ஒட்டி, வந்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டும் மூன்று சிவப்புப் பொட்டும் கொடுத்தோம். இருக்க வேண்டியதற்குப் பச்சை, போக வேண்டியதற்குச் சிவப்பு. கூடவே காரணம் எழுத ஒரு துண்டுச் சீட்டு. சிறுசேரிக்கு வேலைக்குப் போகிற புதுக் குடித்தனக்காரர்கள் தொடங்கி வாக்கிங் பெரியவர்கள்வரை எல்லோரும் ஆர்வமாக ஒட்டினார்கள். டைலரக்கா சிவப்பு மூன்றையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பச்சை மூன்றையும் ஏழாம் எண்ணின் மேல் ஒட்டிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் படத்தில் வேறு பச்சையே விழவில்லை. சிவப்பு மட்டும் மொய்த்துக் கிடந்தது.

சீட்டுகளைப் பிரித்து வகைப்படுத்துவது என் வேலை. ஏழாம் எண்ணைப் பற்றி எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. கையெழுத்து வேறு, தெரு வேறு. ஒருவர், "முன்பு இளமையாக இருந்தது. இப்போது பார்க்கச் சங்கடமாக உள்ளது" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "நாங்கள் இங்கே குடிவந்தபோது இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு வயதில்லை." மூன்றாவது சீட்டில் ஒரே வரி: "முகம் தளர்ந்துவிட்டது." நான் மூன்றையும் 'பராமரிப்புக் குறைபாடு' என்கிற தலைப்பின் கீழ் போட்டேன். வேறு எந்தத் தலைப்பில் போடுவது?

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு ஹார்டுவேர் கடை பாய். நல்ல மனிதர், யாரையும் நோகப் பேசமாட்டார். முடிவைப் படித்துவிட்டு, "ஏழாம் நம்பரை எடுத்துட்டு அந்த இடத்துல எட்டுப் போடற நடைபாதை வருது. சுகர் இருக்கறவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். அக்கா எழுந்தார்.

"அவள வுட்டுட்டு சுத்தி எட்டுப் போடுங்களேன் பாய்."

"ஒரு சிலைக்கு இவ்வளவு மல்லுக்கட்டினா எப்படிக்கா? ஜனங்க சொல்றதைத்தானே செய்யறோம்."

"ஜனங்கன்னா நானுந்தான?"

பாய் வாசல் பக்கம் பார்த்தார். டீ வந்துவிட்டது என்று பேச்சை மாற்றினார். அறிக்கையில் நான், "ஒருவர் மட்டும் ஏழாம் எண்ணைத் தக்கவைக்கக் கோரினார்" என்று ஒரு வரி எழுதினேன். அந்த 'மட்டும்' தேவையில்லாதது. இன்றைக்கும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் சிலைகளை அளந்து வரைபடம் போடப் போனேன். பூங்கா கட்டிய காலத்துப் பழைய படங்கள் கோப்பில் இருந்தன. மற்ற சிலைகளின் படங்களில் சிற்பியின் எழுத்தில் அடிக்கணக்கு. ஏழாம் எண்ணின் படத்தில் மட்டும் வேறு கையெழுத்தில், இஞ்சில்: மார்பு 30, இடுப்பு 24, இடது தோள் அரை இறக்கம். நான் இடுப்பில் டேப்பைச் சுற்றினேன். முப்பத்திரண்டு வந்தது.

எங்கள் அலுவலகத்துச் சாரிடம் காட்டினேன். "இருபது வருஷம் பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சா தடிக்காதா?" என்றார்.

"கையும் காலும் படத்துல இருக்கற அதே அளவுதான் சார் இருக்கு. இடுப்புல மட்டுமா தடிக்கும்?"

"டேப்பை லூசாப் பிடிச்சிருப்பே. அடுத்த வேலையைப் பாரு."

நான் நகல் எடுத்துக்கொண்டு நேரே அக்கா கடைக்குப் போனேன். வெயில் கொளுத்துகிற மத்தியானம். ரோட்டில் ஆளில்லை. அக்கா காகிதத்தை வாங்கி, மெஷின் விளக்கின் கீழ் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என் கையெழுத்து" என்றார்.

சிலை செய்ய மாமல்லபுரத்திலிருந்து வந்த சிற்பி, பூங்கா வேலையில் சித்தாளாக இருந்த, டைலரக்காவின் கூடப்பிறந்த அக்காவை அப்படியே சட்டியோடு நிற்கச் சொன்னாராம். பெண்பிள்ளையைத் தொட்டு அளக்க அவருக்குக் கூச்சம். தையல் கற்றுக்கொண்டிருந்த தங்கையை அளந்து கொடுக்கச் சொன்னார். அதுதான் டைலரக்கா எடுத்த முதல் அளவு. அதே அளவில் தன் முதல் ஜாக்கெட்டையும் தைத்து அந்தத் தீபாவளிக்குத் தன் அக்காவிடம் கொடுத்தார்.

"தோளு புடிக்குதுன்னு கழட்டிப் போட்டா. நானு கஷ்டப்பட்டுத் தைச்சது. ஆத்திரத்துல, 'கோணத் தோளுக்கு எவன்டி தைப்பான், எங்கனா போய்த் தொலை'ன்னுட்டேன். அன்னிக்கே ஸ்டேசன்ல வண்டி ஏறிட்டா. போனவ போனவதான். ஒரு கடுதாசி இல்ல. போட்டோகூட ஒண்ணும் கெடையாது. இவதான் கீறா" என்று எதிரே கையைக் காட்டினார்.

மறு தீபாவளிக்கு ஏதோ ஆற்றாமையில் விடியற்காலை பூங்காவுக்குப் போய்ச் சிலையை அளந்திருக்கிறார். மார்பு ஒரு இஞ்ச் கூடியிருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அளந்து, அந்த வருஷ அளவுக்கு ஒரு ஜாக்கெட். அலமாரியைத் திறந்து காட்டினார். இருபத்திரண்டு ஜாக்கெட்டுகள், எல்லாவற்றிலும் இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். ஒவ்வொன்றாக விரித்துப்போட்டுக்கொண்டே பேசினார்.

"நாலாவது வருசம் பாரு, இடுப்பு மூணு இஞ்ச் ஏறிக்கிச்சு. அடுத்த வருசம் ரெண்டு எறங்கிச்சு. புள்ள பெத்துக்கிறா. இந்த வருசம் பாரு, இளைச்சிக்கிறா. இன்னா கஷ்டமோ. அப்பால தேறிட்டா. போன தீபாவளிக்கு முப்பத்திரெண்டு."

"அக்கா, பெயிண்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"பெயிண்ட் இளைக்குமா?" என்றார். "செத்தவங்களுக்கு அளவு மாறாதும்மா. இவளுக்கு மாறுது. அப்போ எங்கியோ கீறா. துன்றா, தூங்கறா. அது போதும் எனக்கு. இத்த உடைச்சிட்டீங்கன்னா நான் எத்தப் பாத்து தெரிஞ்சிக்கினுவேன்?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சாரிடம் இன்னொரு தடவை பேசியிருக்கலாம். பாயிடம் போயிருக்கலாம். இரண்டையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். பைத்தியம் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்கிற பயம்தான். அதற்குள் டெண்டர் முடிந்து, பூங்காவைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். வேலையாட்களையும் எங்களையும் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போவதற்கு முன்னால் சிலைகளை எடுத்துவிட வேண்டும் என்று காண்ட்ராக்டர் அவசரப்பட்டார்.

உடைப்பதற்கு முந்தின நாள் காலை அக்கா என்னைக் கடைவாசலில் நிறுத்தினார். தன் துணி டேப்பை என் கையில் திணித்தார்.

"வாச்மேன் உள்ள வுட மாட்டேங்கறான். கடைசியா ஒரு தபா நீ அளந்து சொல்லிடும்மா. இந்தத் தீபாவளிக்குத் தைக்கணும்."

பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனேன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மற்ற சிலைகளின் நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்தது. சித்தாள் பெண்ணின் முன்னால் போய் நின்றதுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மஞ்சள் பெயிண்ட் கழுத்தெலும்பை ஒட்டிச் சுருங்கியிருந்தது. இடுப்பில் டேப்பைச் சுற்றினேன். இருபத்தெட்டு. அவிழ்த்து மறுபடியும் சுற்றினேன். இருபத்தெட்டு. மூன்றாவது தடவை சுற்றும்போது என் முகம் அவள் விலாவுக்குப் பக்கத்தில் இருந்தது. உச்சி வெயிலில் மற்ற சிமெண்ட் எல்லாம் தொட முடியாமல் சுட்டது. அவள் உடம்பு சாதாரண மனுஷச் சூட்டில்தான் இருந்தது. நான் டேப்பை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நான்கு மாதத்தில் நான்கு இஞ்ச். டீச்சருக்கு இரண்டு இஞ்சுக்கே ஆஸ்பத்திரி. இதைப் போய் அக்காவிடம் எப்படிச் சொல்வது? உன் அக்கா எங்கோ நோயில் கிடக்கிறாள், நாளையிலிருந்து அதைக்கூட உன்னால் தெரிந்துகொள்ள முடியாது என்றா?

அக்கா கடைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"மாறலக்கா" என்றேன். "அதே முப்பத்திரண்டுதான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு நூல்கூடவா?"

"ஒரு நூல்கூட இல்லக்கா."

டேப் என் கைப்பையில் இருந்தது. அவர் கை என் மேல் படவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்றார். உள்ளே போய் மெஷின் விளக்கை அணைத்தார்.

பேருந்தில் உட்கார்ந்து, தாம்பரம் ஸ்டேஷன் பாலம் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. செத்தவங்களுக்கு அளவு மாறாது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அவரிடம் அவர் அக்காவின் சாவைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். திரும்பப் போகவில்லை. அரை மணிநேரம் நின்றுவிட்டு அடுத்த பேருந்தில் வீட்டுக்குப் போனேன். இருபத்துமூன்று வருஷக் காத்திருப்பு எப்படியோ முடிந்தது, அதுவும் நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஏழாம் எண்ணைச் சம்மட்டியால் உடைத்தபோது பட்டியலில் டிக் போட்டது நான்தான்.

இரண்டு நாள் கழித்து, டேப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அக்கா தலைக்குக் குளித்து, முடியைக் காயவிட்டிருந்தார். ஸ்டூலின் மேல் அந்த இருபத்திரண்டு ஜாக்கெட்டுகளும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. போட்டோ இல்லாததால் ஜாக்கெட்டுக்குப் பூ வைத்திருந்தார். முன்னால் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

"வாம்மா. பாய்கூட வந்து ஒரு வார்த்த விசாரிச்சிட்டுப் போனாரு" என்றார். "இத்தினி வருசமா நான் அழுததேயில்ல. கீறான்னு நெனச்சிக்கினு எப்படி அழறது? நேத்துதான் அழுதேன். நீ நல்லாருக்கணும்."

டேப்பை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"வந்தது வந்த, உனக்குத் தீபாவளிக்கு ஒண்ணு தைச்சுத் தரேன். திரும்பி நில்லு."

வேண்டாம் என்று சொல்வதற்குள் டேப் என் தோளில் விழுந்துவிட்டது. விரல்கள் சில்லென்று இருந்தன.

"இன்னாம்மா, ஒரு வார்த்த பேச மாட்டேங்கற?"

"ஒண்ணுமில்லக்கா."

டேப் அப்படியே நின்றது. ரோட்டில் ஒரு பஸ் போகும் சத்தம் முழுசாகக் கேட்டு அடங்கியது. என் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு மாறுவதை நான் உணர்ந்தேன்.

"எவ்ளோ?" என்றார்.

"இருபத்தெட்டு."

அவர் கத்தவில்லை. என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு வருஷம் நான் இதைச் சுமந்திருக்க மாட்டேன். போய் முதலில் ஜாக்கெட்டுகளின் மேலிருந்த பூவை எடுத்தார். விளக்குத் திரியை விரலால் நசுக்கி அணைத்தார். "இளைச்சிட்டா" என்றார். "இளைச்சிட்டா. ஆனா கீறா." மஞ்சள் துணி ஒன்றை உதறி விரித்து, சாக்பீஸால் இருபத்தெட்டு என்று எழுதினார். கத்தரியை எடுத்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அடுத்த வருசம்?"

இரண்டு பேரும் எதிரே பார்த்தோம். தகரத்துக்கு மேலே எப்போதும் தெரிகிற கலவைச் சட்டி இல்லை. உள்ளே எட்டுப் பாதைக்கு ஜல்லி கொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை, தைக்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி இல்லை அது.

"கையத் தூக்கு" என்றார். "வலது கை. தலைக்கு மேல. இடது கைய இடுப்புல வையி."

"அக்கா..."

"நீதான அவள எடுத்த. நீ நில்லு."

நின்றேன். அந்தத் தீபாவளிக்கும், நான் ஊரைவிட்டுப் போகும்வரை வந்த இரண்டு தீபாவளிக்கும் அப்படி நின்றேன். அந்த முதல் தடவை அவர் டேப்பை நிதானமாக என் தோளில் வைத்து, வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னார்:

"இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்."

"எனக்கு அப்படிக் கிடையாதுக்கா. ரெண்டும் சமம்னு நீங்கதானே சொன்னீங்க."

"அன்னிக்கு சமம்" என்றார். "அசையாத."

நான் அசையவில்லை.